கீழிருந்து ஏறும் உப்பு

ஆஸ்திரேலியாவில் நிலம் கெட்டுப்போகிறது என்று பேச்செடுத்தால், ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் உடனே "அங்கே மழையே இல்லையாமே?" என்றுதான் கேட்கிறார்கள். வெடித்த தரை, எலும்பு தெரியும் மாடு, நகரத்தை மூடும் செம்மண் புயல் என்று செய்தியில் பார்த்த படங்கள் அவர்கள் மனதில் இருக்கின்றன. அவை எதுவும் பொய்யில்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை வட்டாரத்தில் நிலத்துக்கு வந்த பெரிய கேடு வேறு வழியாக வந்தது. பெய்த மழையைக் குடித்துத் தீர்க்க வேர்கள் இல்லாமல் போனதால் வந்தது.

நான் இராமநாதபுரத்துக்காரன். கண்மாய் பெருகினால் நல்ல வருஷம், கிணற்றில் தண்ணீர் ஏறினால் நல்ல காலம் என்று கேட்டு வளர்ந்தவன். இங்கே வந்த புதிதில், நிலத்தடி நீர் மேலே வந்துகொண்டிருக்கிறதே என்று ஒரு விவசாயி கவலைப்பட்டபோது, அவர் என்ன சொல்கிறார் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பெர்த்திலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் வரும் சிற்றூர் ஒன்றில் மருந்தாளுநர் வேலை எனக்கு. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோதுமையும் ஆடும் வைத்திருக்கும் குடும்பங்கள். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தாலும் பேச்சு மழையில் போய்த்தான் முடியும். அவர்களிடம் கேட்டும், அவர்கள் நிலத்தில் நடந்தும், அப்புறம் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வட்டாரம் கிட்டத்தட்ட முழுக்க மானாவாரி. ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 300 முதல் 450 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான குளிர்மாதங்களில் விழும். மாநிலத்தின் தென்மேற்கில் விவசாயத்துக்காக அழிக்கப்பட்ட காடும் புதரும் சுமார் 1.8 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். வட்டாரத்தின் நடுப்பகுதியில் பல ஊராட்சிகளில் பழைய தாவரம் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. சாலையோரம் ஒரு வரிசை மரம், கருங்கல் குன்றைச் சுற்றி ஒரு திட்டு, அவ்வளவுதான்.

கடைக்கு வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், ஒரு கோடைக்காலத்தில் தன் நிலத்துக்கு அழைத்துப் போனார். மேட்டில் அறுவடை முடிந்து கோதுமைத் தாள் முழங்கால் உயரத்துக்கு அடர்த்தியாக நின்றது. சரிவில் இறங்க இறங்க அந்தத் தாள் குட்டையானது, இடைவெளி விட்டது, திட்டுத்திட்டாகி நின்றே போனது. அதற்குக் கீழே வெறும் களைப்புல். அதற்கும் கீழே தரை வெளுத்திருந்தது. காலை வைத்தால் மேலே இருக்கும் வெள்ளைப் பொருக்கு நொறுங்கும். அதன் அடியில் ஈரம். நாற்பது டிகிரி வெயிலில், மாதக்கணக்காக மழை இல்லாத தரையில் ஈரம். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அந்த ஈரத்தின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கணுக்கணுவாக ஒரு சதைப்பற்றுச் செடி படர்ந்திருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நம் கடற்கரை உவர்நிலத்து உமரிக்கு நெருங்கிய சொந்தம். இங்கே சம்ஃபயர் என்கிறார்கள். கடல் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கோதுமை விளைந்த வயலில் உமரி.

பக்கத்தில் தரையிலிருந்து ஒரு பிவிசி குழாய் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் மூடியைக் கழற்றி, முனையில் குழிவான உலோகக் குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே விட்டார். குண்டு நீரில் படும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். நாடாவை மேலே இழுத்து மறுபடி விட்டு, அந்தச் சத்தம் வரும் இடத்தைச் சரிபார்த்து, பழைய நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதினார். நீர் ஒன்றரை மீட்டர் ஆழத்திலேயே இருந்தது. அவர் அப்பா இந்த நிலத்துக்கு வந்த காலத்தில் அதே இடத்தில் கிணறு தோண்டுகிறவர்கள் வெகு ஆழம் போக வேண்டியிருந்ததாம்.

இது எப்படி நடந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இந்த நிலத்தின் அடியில் இருப்பது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறை. தேய்ந்து தேய்ந்து தட்டையாகிவிட்ட நிலம் என்பதால் ஆறுகளுக்கு ஓட்டமே கிடையாது. மழை பெய்தால் பள்ளத்தாக்கில் ஏரி ஏரியாகத் தேங்கும். கடலிலிருந்து வரும் மேற்குக் காற்றும் மழையும் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் உப்பைக் கொண்டு வந்து போடுகின்றன. கரையோரத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ, உள்ளே வந்தால் பத்துக் கணக்கில். கழுவிக்கொண்டு போக ஆறு இல்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்த உப்பு மண்ணுக்குள் இறங்கி, வேர்மட்டத்துக்குக் கீழே தங்கிவிட்டது. இன்று ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான டன் உப்பு இருப்பது இங்கே சாதாரணம்.

அதைக் கீழேயே வைத்திருந்தவை மரங்கள்தான். யூக்கலிப்டஸ் இனங்கள் ஆண்டு முழுக்கப் பசுமையாக இருப்பவை, கோடையிலும் குடிக்கும். இந்தப் பக்கத்து ஜாரா மரத்தின் வேர் 40 மீட்டர் ஆழத்தில்கூடக் கிடைத்திருக்கிறது. விழுந்த மழையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்தத் தாவரங்கள் எடுத்துக்கொள்ளும். நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர்வது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். அவற்றை அழித்துவிட்டுக் கோதுமை போட்டார்கள். கோதுமையின் வேர் ஒன்று ஒன்றரை மீட்டர். ஆயுள் ஆறு மாதம். மீதி ஆறு மாதம் நிலத்தில் குடிக்க ஆளில்லை. வேர்மட்டத்தைத் தாண்டி இறங்கும் நீர் பத்து, இருபது மில்லிமீட்டராகக் கூடியது. கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் வடிய வழியில்லாத நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு அது சேரும். நீர்மட்டம் வருஷத்துக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை ஏறி, வழியில் தூங்கிக்கொண்டிருந்த உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டே வந்தது. தரைக்கு இரண்டு மீட்டர் அளவில் வந்துவிட்டால் போதும். அதற்கு மேல், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல மண்ணே நீரை மேலே இழுத்துக்கொள்ளும். நீர் வெயிலில் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். சில இடங்களில் மேலே வரும் நீர் கடல்நீரைவிட உப்பு கூடியது.

கேடு வயலோடு நிற்பதில்லை. எங்கள் ஊர் உட்படப் பல சிற்றூர்களில் பழைய செங்கல் கட்டடங்களின் அடிச்சுவர் முழங்கால் உயரம் வரை பொரிந்து உதிர்கிறது. மெரிடின் போன்ற ஊர்களில் தெருவுக்கு அடியிலிருந்து உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்திருக்கிறார்கள். டம்பிள்யுங் ஏரி என்று ஒன்று இருக்கிறது. டொனால்ட் கேம்பெல் 1964 டிசம்பர் 31 அன்று படகு வேக உலகச் சாதனை படைத்த இடம் அது. இன்று அந்த ஏரியைச் சுற்றி நிற்பவை உப்பில் செத்த மரங்கள்.

சரி, யாருக்கும் தெரியாமலா இத்தனையும் நடந்தது? இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்திருந்தது. ரயில் எஞ்சினியர் டபிள்யூ. ஈ. வுட் என்பவர் 1924-ல் மேற்கு ஆஸ்திரேலிய ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நீராவி எஞ்சினின் கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் கொதிகலனைத் தின்றுவிடும். அதனால் ஓடைகளின் தண்ணீரை ரயில்வே ஆட்கள் கவனமாகப் பார்த்துவந்தார்கள். சுற்றிலும் காடு அழிக்கப்பட்ட இடங்களில் நல்ல ஓடைகள் உப்பாகிக்கொண்டே வருவதைக் கண்டு, நிலத்தின் மேலிருந்த தாவரத்தை அழித்ததுதான் காரணம் என்று வுட் எழுதினார். இன்று பாடநூல்களில் இருக்கும் விளக்கத்தின் சாரம் அவர் எழுதியதில் இருக்கிறது.

அதற்கும் முன்னாலேயே அரசின் கண் முன் ஒரு பாடம் நடந்திருந்தது. கல்கூர்லி தங்க வயல்களுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய மண்டாரிங் அணையில் நீர்வரத்தைக் கூட்டலாம் என்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரங்களின் பட்டையைச் சுற்றி உரித்துச் சாகடித்தார்கள். அணை நீரில் உப்பு கூடியது. மரங்களை மறுபடி வளரவிட்ட பிறகுதான் அது குறைந்தது. குடிநீர் அணைக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் வயல்களுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான், அங்கே மழை குறைந்த பக்கத்தில். 1865-ல், கடும் வறட்சிக்கு நடுவே, நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே மாலி எனப்படும் குட்டை யூக்கலிப்டஸ், வடக்கே சால்ட்புஷ் என்னும் உவர்ப்புதர். செடியைப் பார்த்தே அவர் மழையைக் கணித்தார். கோட்டுக்கு வடக்கே பயிர் வைக்காதீர்கள் என்பதுதான் அதன் பொருள். 1870-களில் தொடர்ந்து சில நல்ல வருஷங்கள் வந்தன. ஏர் போகும் இடத்துக்கு மழை தானாக வரும் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். 1874-ல் சட்டத்தைத் திருத்திக் கோட்டை எடுத்துவிட்டார்கள். கோதுமை மாவைக் குறிக்கும் ஃபரினா என்ற பெயரைப் பாலைவன ஓரத்து ஊர் ஒன்றுக்கு வைக்கிற அளவுக்கு நம்பிக்கை. 1880-களில் வறட்சி திரும்பியது. குடும்பங்கள் உழுது கிளறிய மண்ணைக் காற்றுக்கு விட்டுவிட்டுக் கிளம்பின. கூரையில்லாத கல்வீடுகள் அந்தப் பக்கம் இன்றும் நிற்கின்றன. கோய்டர் கோடு தெற்கு நோக்கி நகர்கிறது என்று இப்போது பருவநிலை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மேய்ச்சல் நிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், காரணம் அதே காரணம்தான். நல்ல வருஷத்தின் புல்லை அளவாக வைத்து மந்தையைப் பெருக்கினார்கள். 1891-ல் நாட்டில் 10.6 கோடி ஆடுகள். 1895 வாக்கில் தொடங்கிய பெரு வறட்சி முடியும் தறுவாயில், 1902-ல், ஏறக்குறைய 5.4 கோடி. சாகும் முன் அந்த ஆடுகள் தின்றது புல்லின் வேர் வரைக்கும். கூடவே 1859-ல் விக்டோரியாவில் அவிழ்த்துவிட்ட முயல்களின் வம்சமும் தின்றது. நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதியில் மேல்மண் போன இடங்கள் பல அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

மறுபடி எங்கள் பக்கம் வருகிறேன். வுட் எழுதி ஒரு தலைமுறை கழித்து, இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு இங்கே நிலம் கொடுத்தார்கள். 1960-களில் 'வருஷத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர்' என்பது மாநில அரசே பெருமையாகச் சொன்ன இலக்கு. நிலத்தை நிபந்தனையோடு விற்றார்கள். இத்தனை ஆண்டுக்குள் இவ்வளவு பரப்பைத் திருத்தியாக வேண்டும், இல்லையென்றால் நிலம் கையில் தங்காது. இரண்டு டிராக்டருக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்துப் புதரைச் சாய்த்தார்கள், காய்ந்ததும் தீ வைத்தார்கள். காட்டை அழிக்க ஆன செலவுக்கு 1983 வரை வரிச்சலுகை இருந்தது.

பெரியவர் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா ஒன்றும் பேராசைக்காரர் இல்லை. திருத்தாவிட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். திருத்தினார்" என்றார். அவர் அப்பா மரத்தைச் சாய்த்து முதல் வெள்ளைத் திட்டு தெரிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

எனக்கு இந்த விஷயத்தில் மையம் என்று படுவது இந்தக் காலத் தாமதம்தான். மழை பொய்த்தால் அந்த வருஷமே தெரியும். அதிகமாக மேய்த்தால் இரண்டு வருஷத்தில் தெரியும். உப்பு மட்டும் முப்பது, நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து வரும். அதுவும் மரத்தை வெட்டிய மேட்டில் வராது. பள்ளத்தில், பல நேரம் அடுத்தவர் நிலத்தில் வரும். உத்தரவு போட்ட அமைச்சர் ஓய்வு பெற்றிருப்பார், வரிச்சலுகை வாங்கியவர் இறந்திருப்பார். பேரன் கையில் உமரி முளைத்த வயலும் வங்கிக் கடனும் இருக்கும். பெர்த் நகரத்து நண்பர்கள் சிலர் "விவசாயிகள் நிலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். கெடுத்த கைகள் விவசாயியுடையவை, திட்டம் அரசுடையது, அந்தக் கோதுமையை விற்று வந்த பணத்தில் நாடே வளர்ந்தது.

இனிப் பருவநிலை. தென்மேற்கில் 1970-களிலிருந்து குளிர்கால மழை குறைந்துகொண்டே வருகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை அதற்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 16 சதவீதம் குறைவு. தெற்குக் கடலிலிருந்து வரும் மழைமேகக் கூட்டங்கள் இன்னும் தெற்கே விலகிப்போகின்றன. பசுங்குடில் வாயுக்கள் இதற்கு முக்கியக் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மழை இவ்வளவு குறைந்தால் ஆற்றுநீர் அதைப்போலப் பல மடங்கு குறையும், காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும் என்பதால். பெர்த்தின் அணைகளுக்கு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 300 கிகாலிட்டருக்கு (ஒரு கிகாலிட்டர் என்பது நூறு கோடி லிட்டர்) மேல் வந்துகொண்டிருந்த நீர், அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் அதில் நாலில் ஒரு பங்குகூட வருவதில்லை. நகரம் 2006 முதல் கடல்நீரைக் குடிநீராக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறது.

மழை குறைந்தால் நிலத்தடி நீர் ஏறுவதும் குறைய வேண்டுமே என்று கேட்பீர்கள். குறைந்திருக்கிறது. வட்டாரத்தின் சில பகுதிகளில் நீர்மட்டம் ஏறுவது நின்றிருக்கிறது, சில இடங்களில் இறங்கவும் செய்கிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த தேசியக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் உப்பு ஆபத்துள்ள நிலம் 57 லட்சம் ஹெக்டேர் என்றும் 2050-க்குள் அது 1.7 கோடி ஹெக்டேர் ஆகலாம் என்றும் சொன்னது. அந்த வேகத்தில் அது பரவவில்லை. ஆனால் இதில் நிம்மதி அடைய எதுவும் இல்லை. ஏறிவிட்ட உப்பு மேல்மண்ணிலேயே நிற்கிறது. அதைக் கழுவிவிடவும் மழை போதவில்லை. குளிர்கால மழை குறைந்தாலும் கோடையில் திடீரென்று ஒரு பெருமழை வருகிறது, 2017 பிப்ரவரியில் வந்ததைப் போல. அப்போது வயலில் பயிர் கிடையாது. விழுந்த தண்ணீர் குடிக்க ஆளில்லாமல் நேரே கீழே இறங்கிவிடும்.

உப்பு ஏறுவதைத் தணித்த அதே வறட்சி மேட்டு நிலத்தை வேறு விதமாகத் தாக்குகிறது. மணற்பாங்கான மண் இது. கோடை முடிந்து முதல் மழைக்கு முன்னால் தரையில் மூடாக்கு இல்லை என்றால், ஒரே காற்றில் நூறாண்டுச் சத்து பறந்துவிடும். 1983 பிப்ரவரி 8 அன்று மெல்பர்ன் நகரத்தை மூடிய புழுதி, விக்டோரியாவின் மாலி, விம்மெரா என்ற வட்டாரங்களின் வயல்களிலிருந்து வந்த மேல்மண். அன்றைய உழவுமுறை அப்படி: ஈரம் சேமிக்கிறோம் என்று தரிசு நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது பொடியாக்கி வைத்திருந்தார்கள். இங்கே 2020 மே மாதம் மாங்கா புயலின் மிச்சம் கரை ஏறியபோது, மூடாக்கு இல்லாத வயல்களில் பகலிலேயே காரில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

இந்த ஒரு விஷயத்தில் விவசாயிகள் செய்திருக்கும் மாற்றத்தை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் உழவில்லா விதைப்புக்கென்று விவசாயிகளே 1992-ல் சங்கம் தொடங்கினார்கள். இன்று மாநிலத்தின் பயிர் நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உழவே கிடையாது. பழைய தாளை அப்படியே நிற்கவிட்டு, நடுவே குறுகிய கோடு கீறி விதையையும் உரத்தையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஏப்ரல் 25, போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாள் வாக்கில் விதைப்புத் தொடங்குகிறது. மழைக்குக் காத்திருக்காமல் நம் ஊர் புழுதி விதைப்பு போலவே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறவர்கள் இப்போது அதிகம். தரையில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. அந்த அளவுக்குக் கீழே போனால் ஆடுகளை வயலில் விடாமல் பட்டியில் அடைத்துத் தீவனம் போடுகிறார்கள். காசு செலவு, உடம்பு நோவு, ஆனாலும் செய்கிறார்கள். நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வு ஒன்றின்படி, 1990-க்கும் 2015-க்கும் இடையில் பருவநிலை மாற்றத்தால் ஆஸ்திரேலியக் கோதுமையின் சாத்திய விளைச்சல் 27 சதவீதம் குறைந்தது. உண்மையில் அறுத்த விளைச்சல் குறையவில்லை. வானம் எடுத்துக்கொண்டதை விவசாயிகளின் திறமை ஈடுகட்டியிருக்கிறது. இன்னும் எத்தனை நாள் ஈடுகட்ட முடியும் என்பதுதான் கடைக்கு வருகிறவர்களின் கவலை.

உழவில்லா விதைப்புக்கும் விலை உண்டு. உழாவிட்டால் களையைக் கொல்ல மருந்து வேண்டும். அடித்து அடித்து ரைகிராஸ் என்ற களை மருந்துக்கு மசியாமல் போய்விட்டது. டார்கன் பக்கத்து விவசாயி ரே ஹேரிங்டன், அறுவடை இயந்திரத்தின் பின்னால் வரும் பதரோடு களை விதையை அரைத்துத் தூளாக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று அந்த வகைக் கருவி வெளிநாடுகளுக்கும் போகிறது. இன்னொன்று மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. தழைச்சத்து உரமும், வருஷா வருஷம் தானியமாக நிலத்தை விட்டு வெளியேறும் சத்தும் மண்ணைப் புளிக்கச் செய்கின்றன. மேல்மண்ணுக்கு அடியில் புளிப்பு ஏறினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். குட்டையான வேர் தண்ணீரை விட்டுவிடும், விட்ட தண்ணீர் கீழே இறங்கும், மறுபடி உப்பு. கடற்கரை மணல்மேடுகளிலிருந்து சுண்ணாம்பு மணலை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுவது அதற்காகத்தான். மண் புளிப்பு ஒரு பிரச்சினை, உப்பு ஒரு பிரச்சினை, மழை ஒரு பிரச்சினை என்று அரசு அறிக்கைகள் தனித்தனி அத்தியாயம் எழுதுகின்றன. வயலில் அவை ஒரே வேரைப் பிடித்துத் தொங்குகின்றன.

இந்த மண்ணின் மூத்த குடியான நூங்கர் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள்: பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். நம் ஆறு பெரும்பொழுதுகளை நினைவுபடுத்தும் எண்ணிக்கை. ஒவ்வொரு பருவத்திலும் எது பூக்கும், எதை எரிக்கலாம், எங்கே போய்த் தங்கலாம் என்று கணக்கு வைத்திருந்த மக்களை நிலத்தை விட்டு விரட்டிவிட்டு, வடக்கே ஈரமான ஐரோப்பாவின் நான்கு பருவ நாட்காட்டியை விரித்து இங்கே பயிர் வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு செயலின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

திரும்பக் கொண்டுவர முடியுமா? சில இடங்களில் முடிந்திருக்கிறது. தென்கரையில் டென்மார்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அதே பெயரில் ஓர் ஆறு. மேற்பகுதிக் காடு அழிந்து ஆறு உப்பாகிவிட்டிருந்தது. 1970-களின் பிற்பாதியில் மரம் வெட்டக் கட்டுப்பாடு வந்தது, அப்புறம் வெட்டிய நிலத்தில் பெரிய அளவில் மரத்தோட்டங்கள் போட்டார்கள். ஆற்றின் உப்பு இறங்கியது. ஆனால் அது மழை நிறையப் பெறும் பகுதி, மரமே வருமானம் தரும் பகுதி. எங்கள் பக்கத்தில் 350 மில்லிமீட்டர் மழையில் மரம் வளர்த்துப் பிழைக்க முடியாது. டூலிபின் ஏரியைக் காப்பாற்ற, உவர்நீர் உள்ளே வராமல் திருப்பிவிட்டு, அடியிலிருந்து ஆண்டுக்கணக்காக இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஏரிக்கு அது சரி. ஒரு நாடளவு நிலத்துக்கு யார் இறைப்பது? ஆழமான வாய்க்கால் வெட்டி உவர்நீரை வடியவிட்டவர்கள் உண்டு. வடிந்த நீர் கீழே இருக்கும் அண்டை வீட்டுக்காரர் நிலத்துக்குப் போய்ச் சண்டையானதும் உண்டு. குதிரைமசால் போன்ற ஆழவேர்த் தீவனம் போட்டு நீர்மட்டத்தை இறக்கியவர்களும் இருக்கிறார்கள்.

பெரியவர் மகன் தாழ்நிலத்தில் அனமேகா என்ற சால்ட்புஷ் வகையை வரிசையாக நட்டிருக்கிறார். சிஎஸ்ஐஆர்ஓ தேர்ந்தெடுத்துக் கொடுத்த வகை அது. ஆடுகள் விரும்பித் தின்னும். கோதுமை விளைந்த காலத்து வருமானம் வராது. ஆனால் இலையுதிர்காலத்தில் மேய்ச்சல் எங்கும் இல்லாதபோது அங்கே இருக்கும், மேட்டு வயலின் தாளும் தப்பிக்கும். உப்பை விரட்டும் பேச்சை அவர் எப்போதோ விட்டுவிட்டார். உப்போடு எப்படிப் பிழைப்பது என்பதுதான் அவருடைய கணக்கு.

அரசு சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். 1989-ல் பிரதமர் பாப் ஹாக், டார்லிங் ஆறும் மர்ரே ஆறும் கூடும் வென்ட்வொர்த்தில் நின்று லேண்ட்கேர் என்னும் நிலப் பாதுகாப்பு இயக்கத்துக்குப் பத்தாண்டுத் திட்டம் அறிவித்தார். விவசாயிகள் கூட்டமைப்பின் ரிக் ஃபார்லியும் சூழல் அமைப்பின் ஃபிலிப் டாயினும் சேர்ந்து கேட்டு வாங்கியது அது. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். 2000-ல் உப்புக்கும் நீர்த் தரத்துக்குமாக 140 கோடி டாலர் தேசியத் திட்டம் வந்தது. அது 2008-ல் முடிந்தது. அதன் பிறகு உப்பு செய்தியிலிருந்து காணாமல் போனது. பல இடங்களில் அளவுக் குழாய்களைப் பார்க்க ஆள் வருவது நின்றது. 2018-ல் மேற்கு ஆஸ்திரேலியத் தலைமைத் தணிக்கையாளர், உப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே அரசுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று எழுதினார். உப்பால் விவசாயத்துக்கு ஆண்டுதோறும் 50 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்ற மதிப்பீடும் அதே அறிக்கையில் இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து வரும் கேட்டுக்கு ஏழு ஆண்டுத் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதை இப்போது எழுதக் காரணம், அடுத்த சுற்று தொடங்கிவிட்டது என்பதுதான். நாட்டின் வட பிரதேசத்தில் பருத்திக்கும் தீவனத்துக்கும் காட்டை அழிக்க அனுமதி கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். அங்கே மண் வேறு, பருவமழை வேறு. கேடு உப்பாகவே வரும் என்று நான் சொல்லவில்லை. என்ன வந்தாலும் அது இன்று அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரின் காலத்தில் வராது என்பதுதான் என் கவலை. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்டுகிற நிறுவனங்கள் 2012-ல் வந்த சட்டப்படி ஆண்டுதோறும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டுகின்றன. பின்னால் கைவிடப்படும் சுரங்க நிலத்தைச் சீர்படுத்த அது. காடு அழிக்கும் அனுமதிக்கும் அப்படி ஒரு நிதி வேண்டும். புல்டோசர் உள்ளே போகும் முன் அளவுக் குழாய்கள் இறங்க வேண்டும், அவற்றின் கணக்கு ஐம்பது ஆண்டுக்கு யாரும் பார்க்கும்படி வெளியில் இருக்க வேண்டும். பெரியவரின் நோட்டில் இருக்கும் எண்கள் அவர் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவற்றை ஊராட்சிக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன். கொடுக்கத் தயார், வாங்கி வைக்க அங்கே ஆள் போடச் சொல் என்றார்.